பருவம் பிழைத்தது: திருகோணமலையில் நான்கு நாள்

முதல் நாள். 2026 மார்ச் 16, திங்கட்கிழமை. தம்பலகாமம்

வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். தவணை தவறியவர்களுக்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் ‘தவறியதற்கான காரணம்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். கமக்காரர் சொல்லச் சொல்ல அந்த வரியை நான்தான் நிரப்புவேன். முக்கால்வாசிப் பேருக்கு ‘பருவம் பிழைத்தது’ என்று எழுதியிருக்கிறேன். ஓய்வு பெறப்போகும் காலத்தில் அதையும் ‘ப.பி.’ என்று சுருக்கிவிட்டேன். மேலே இருந்த யாரும் அதற்கு விளக்கம் கேட்டதில்லை. அந்த இரண்டு எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் வரம்பில் இறங்கிப் பார்க்கவில்லை என்ற உறுத்தல், ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது. “இப்போது போய்ப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?” என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன்.

ஹொரவப்பொத்தானை வரை நல்ல தூக்கம். உப்புவெளியில் பெரியம்மாவின் மகள் வீட்டில் பையை வைத்துவிட்டு, பிற்பகலே அத்தானின் ஒன்றுவிட்ட தம்பியோடு தம்பலகாமத்துக்குப் போய்விட்டேன். அவருக்கு மூன்றரை ஏக்கர் வயல். கந்தளாய்க் குளத்துப் பாய்ச்சல்.

வயலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு வரம்பு. அதற்கு மேற்கே தாள் காய்ந்து, மாடுகள் மேய்கின்றன. கிழக்கே கதிர் இன்னும் பாதிப் பச்சை. வேறு வேறு ஆட்களுடைய வயல் என்று நினைத்தேன்.

“இரண்டும் என்னுடையதுதான் அண்ணை” என்றார். “மேற்கே ஒன்றரை ஏக்கர் மேடு, தப்பிவிட்டது. இது பள்ளம். டித்வாவோடு வந்த தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. பயிர் அழுகிப் போனது. மார்கழி பிறந்த பிறகு திரும்ப விதைத்தேன்.”

டித்வா புயல் சென்ற நவம்பர் இறுதியில் நாட்டையே புரட்டிப் போட்டது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மலைநாட்டு மண்சரிவுதான் செய்திகளில் பெரிதாக வந்தது, வரவும் வேண்டும். ஆனால் மலையில் பெய்த மழை கீழே எங்கேயாவது வந்து நிற்கத்தானே வேண்டும். கந்தளாய்க் குளத்துக்கு மாத்தளைப் பக்கத்து மலைத் தண்ணீர் அம்பன் கங்கையிலிருந்து மின்னேரியா வழியாகக் கால்வாயில் வருகிறது. மலையில் பெய்யாவிட்டால் இங்கே சிறுபோகம், அதாவது கோடைக்கால நெல், இல்லை. அளவுக்கு மிஞ்சிப் பெய்தால் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி இந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்குள்ள வயதானவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள். அடைமழை என்றால் அவர்கள் முதலில் பார்ப்பது வயலை அல்ல, குளக்கட்டு இருக்கும் திசையை.

“சரி, வெள்ளம் போய்விட்டது, திரும்ப விதைத்துவிட்டீர்கள். இனி என்ன?” என்று கேட்டேன். கடன் அதிகாரி கேட்கும் கேள்வி. அவர் சிரித்துவிட்டு வாடியை, அதாவது வயல் குடிசையை, நோக்கி நடந்தார். உள்ளே ஒரு சாக்கில் சென்ற சிறுபோகத்து நெல் கொஞ்சம் கிடந்தது. ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, “ஊதுங்கள்” என்றார். ஊதினேன். கண்ணாடியெல்லாம் உமி. கையில் மிஞ்சியது பாதிக்குக் கொஞ்சம் கூட. மற்றதெல்லாம் சப்பி, மணி பிடிக்காத பதர்.

நெல் பூப்பது காலையில், அதுவும் ஒரு பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் செத்துவிடும், மணி பிடிக்காது. இதை நான் படித்திருக்கிறேன். அவர் சொன்ன முறை வேறு: “ஆடியில் கச்சான் வீசும்போது கதிர் பூத்தால் கதை முடிந்தது.” கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று. சித்திரை தொடக்கத்தில் விதைத்தால் கச்சான் உரக்கும் முன் பூத்துத் தப்பிவிடலாம். ஆனால் இந்தப் பள்ளத்து நெல்லை அவர் பங்குனி கடைசியில்தான் வெட்ட முடியும். பிறகு உழவு, பலகை அடிப்பு. விதைக்க வைகாசி ஆகும். பூப்பது சரியாக ஆடியில்.

அதாவது நவம்பரில் வந்த வெள்ளம் இன்னும் வடியவில்லை. மழைக்காலப் பெரும்போகத்தை ஒருமுறை அழித்தது, மறு விதைப்புக்குக் கடன் வாங்க வைத்தது, இப்போது ஜூலைக் கதிரைப் பதராக்கக் காத்திருக்கிறது. நான் அதை ஒரு போகத்துக் கணக்கில் ‘ப.பி.’ என்று முடித்துவிடுவேன்.

இரண்டரை மாத நெல் விதைத்தால் என்ன என்று கேட்டேன். பிஜி 250 எண்பது நாளில் விளையும். “விளையும், வயிறு நிரம்பாது” என்றார். விளைச்சல் குறைவு. அதைவிட, நினைத்த நேரத்தில் நல்ல விதை கிடைக்க வேண்டுமே.

இரண்டாம் நாள். மார்ச் 17, செவ்வாய். கிண்ணியா, மூதூர், வெருகல்

அத்தானின் மோட்டார் சைக்கிளில், பின்னால் உட்கார்ந்து. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை இந்த இடத்தில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த நினைவு வந்தது. இப்போது 396 மீற்றர் ஒரு நிமிடத்தில் பின்னால் போய்விடுகிறது.

நோன்பின் கடைசி நாட்கள். கிண்ணியா தாண்டி, மகாவலி கடலைத் தொடும் பக்கத்தில், முஸ்லிம் பெரியவர் ஒருவர், எங்கள் பேச்சில் காக்கா, எருமைகளை நிழலில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் பேரனை மரத்தில் ஏற்றி இளநீர் வெட்டச் சொன்னார். நோன்பாளி முன்னால் எப்படிக் குடிப்பது என்று நான் நெளிய, “குடியுங்கள் மகன், எனக்கு நோன்பு, உங்களுக்கு வெயில்” என்றார். அறுபத்திரண்டு வயதில் ‘மகன்’ என்று கூப்பிடக் கேட்பது நல்ல மருந்து.

அவரிடம் காலநிலை மாற்றம் பற்றிக் கேட்டேன். “அது கூட்டத்தில் சொல்கிற சொல். அதற்குச் சாப்பாட்டுப் பார்சல் தருவார்கள்” என்றார். பேரன் சிரித்தான். பிறகு, கேட்காமலே, தானாக ஒரு மணி நேரம் பேசினார். வாப்பா காலத்தில் ஐப்பசியில் காற்று திரும்பும், புழுதியில் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்பார்கள், பத்துப் பன்னிரண்டு நாளில் முளை காணும். இப்போது ஒரு மழை பெய்து ஆசை காட்டுகிறது. முளைத்த பிறகு மூன்று கிழமை வானம் பார்க்க வைக்கிறது. கருகியதும் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. “மழை குறையவில்லை மகன். மழைக்குத் தவணை தெரியவில்லை.” கடன் பிரிவு ஆளிடம் போய் இதைச் சொல்கிறார்!

காரணம் என்ன என்று கேட்டதற்கு அவர் வானத்தைக் காட்டவில்லை, ஆற்றைக் காட்டினார். மணல் அள்ளி அள்ளி ஆறு ஆழமாகிவிட்டது, அதனால் கோடையில் கடல் உள்ளே ஏறுகிறது, கண்டல் காட்டை வெட்டினார்கள், அதனால் காற்றுக்கு மறைப்பில்லை. பாதி படைத்தவன் நாட்டம், பாதி டிப்பர்காரன் நாட்டம் என்பது அவர் தீர்ப்பு. படித்தவர்கள் இதைக் கேட்டால், அது வேறு, புவி வெப்பமடைவது வேறு என்று பிரித்துக் காட்டுவார்கள். பிரிக்கத்தான் வேண்டும், நானும் மறுக்கவில்லை. ஆனால் கடல் மட்டம் உயர்ந்து வந்த உப்பு எது, மணல் குழியால் வந்த உப்பு எது என்று அவருடைய நெல்லுக்குத் தெரியாது. உப்பைத் தாங்கும் ஏடி 354 ரகத்தை அவர் ஆற்றோரத் துண்டில் மட்டும் விதைக்கிறார். மற்றதில் வழக்கமான நெல். பெரிய துண்டு ஒன்றை முழுதாக ஒரே நாளில் விதைப்பதை விட்டுப் பல ஆண்டாகிறதாம். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தரம். ஒன்று போனால் மற்றது. அதற்கு இரண்டு தரம் உழவுக் கூலி.

பேரன் கைத்தொலைபேசியில் வானிலை பார்த்துச் சொல்வதை அவர் நம்புகிறார், ஆனால் முழுதாக அல்ல. எறும்பு முட்டை காவுவதையும் பார்த்துக்கொள்கிறார்.

மூதூரைக் கடந்து வெருகல். இந்தப் பக்கத்துக்கு மாவிலாறுதான் உயிர். 2006இல் அதன் துருசு, அதாவது மதகு, மூடப்பட்டதில் தொடங்கிய போர் சம்பூர், மூதூர், ஈச்சிலம்பற்றுச் சனங்களை ஊர் ஊராகத் துரத்தியது. சென்ற நவம்பரில் அதே மாவிலாற்றின் அணைக்கட்டை வெள்ளம் உடைத்தது. ஒருமுறை தண்ணீர் வராமல், ஒருமுறை தண்ணீர் வந்து.

ஓர் அக்காவின் காணிக்குப் போனோம். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், ஒன்றேகால் ஏக்கர். அதில் மூன்றில் ஒரு பங்கின் மேல் ஆறு முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அள்ளிக் கொட்ட இயந்திரக் கூலி கட்டாது. தை மாதம் அந்த மணலின் மேலேயே கச்சான் போட்டிருக்கிறார். வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். காற்றும் அதுதான், கடலையும் அதுதான். ஒன்று கெடுப்பது, ஒன்று கொடுப்பது.

குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். நெல் வயலின் களிமண் என்றால் வேரோடு மல்லுக்கட்ட வேண்டும், விழுதில் பாதி அறுந்து உள்ளே நின்றுவிடும். மணலில் அது தலைமயிரில் சிக்கிய பூவை எடுப்பதுபோல வந்தது. உதறினார். பதினேழு காய், சில இன்னும் வெள்ளைக் குருத்தாக. ஒன்றை உடைத்துத் தந்தார். பால் பிடித்த பருப்பு, கொஞ்சம் மணலும் சேர்த்துக் கடித்தேன்.

“யார் சொல்லித் தந்தது?” என்றேன்.

“ஒருவரும் இல்லை சேர். பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது.”

இங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். “காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. அவர் முகம் சுருங்கியது. 2006இல் ஓடியபோது காணி அனுமதிப்பத்திரம் தொலைந்தது. வெள்ள நட்டம் எழுத வந்தவர்களும் இதையேதான் கேட்டார்களாம். வரம்பும் வெள்ளத்தோடு போய்விட்டதால், மணலுக்கடியில் தன் காணி எங்கே முடிகிறது என்பதை அவர் பக்கத்துக் காணிக்காரரோடு பேசித்தான் முடிவு செய்திருக்கிறார். அந்த இடத்தில் ஒரு கிளுவங்கதியால், வேலிக்கு நடும் கிளுவைத் தடி, நட்டிருக்கிறது. துளிர்த்துவிட்டது.

திரும்பும் வழியில் சம்பூரில் தேநீர். நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்று பல ஆண்டு பயந்திருந்த ஊர். 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது 120 மெகாவாட் சூரிய மின்திட்டம், 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டே சீனக்குடா வந்தால், முத்துநகர். சூரிய மின்திட்டத்துக்குப் போன நிலம் தாங்கள் காலம் காலமாக நெல் விதைத்த வயல் என்று 2025இல் கமக்காரர்கள் தெருவில் இறங்கிய இடம். காலநிலையைக் காக்க வரும் பலகை, அதே காலநிலையிடம் அடிவாங்கும் ஆளின் வயலில்தானா நடப்பட வேண்டும்? அத்தான் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் கூட்டினார். முதுகு வலி.

மூன்றாம் நாள். மார்ச் 18, புதன். கும்புறுப்பிட்டி

நிலாவெளி, இறக்கக்கண்டி தாண்டிக் குச்சவெளிப் பக்கம். இங்கே குளமும் இல்லை, ஆறும் இல்லை. கிணறும் சின்ன வெங்காயமும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது இந்தக் கரையில்தான்.

தோட்டக்காரத் தம்பிக்கு முப்பது வயது. வெங்காயத் தாளின் நுனிகள் விரல் நீளத்துக்குப் பழுப்பாகக் கருகியிருந்தன. நோயோ என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கிணற்றில் வாளியை விட்டு இழுத்து, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, எனக்கும் தந்தார். முதலில் நல்ல தண்ணீர்போல இருந்தது. விழுங்கிய பிறகுதான் நாக்கின் ஓரத்தில் அரிக்கிற மாதிரி ஒரு உவர்.

கரையோர மணலுக்கடியில் நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் நாற்பது அடி வரை ஏறி வர இடமுண்டு. ஆகையால் இங்கே மழை தவறினால் தண்ணீர் குறைவதோடு நிற்பதில்லை, தண்ணீர் மாறிவிடுகிறது. அவர் தினமும் விடியற்காலையில் நாக்கால் சோதித்து, கரித்தால் அன்றைக்கு மோட்டாரை அரை மணியோடு நிறுத்திவிடுகிறார். பக்கத்துக் கிணற்றுக்காரர் நிறுத்துவதில்லை. “நான் மிச்சம் பிடிக்கிற தண்ணீரை அவர் இறைக்கிறார். சண்டை பிடிக்கவும் முடியாது, மாமா முறை.”

பாத்திகளுக்கு மேல் தென்னோலை மூடாக்கு, பாதித் தோட்டத்துக்குத் தூவல் குழாய். மற்றப் பாதி சும்மா கிடக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை அவர் நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளைப் புறாமலைக்குப் படகில் ஏற்றிப் போகிறார். மழையில்லாத மாதங்கள் அங்கே நல்ல மாதங்கள். பேசும்போது வெங்காயத்தைவிடப் படகு பற்றிப் பேசுகையில்தான் முகத்தில் தெளிவு. இதையும் காலநிலை மாற்றத்துக்குத் தழுவிக்கொள்ளல் என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். அவருடைய அம்மாவின் சொல் வேறு: “தோட்டத்தை விட்டுவிட்டான்.”

மத்தியானம் அங்கேயே சோறு. சூடை மீன் பொரியல், வெங்காயச் சம்பல். வெங்காயம் நன்றாகவே இருந்தது.

நான்காம் நாள். மார்ச் 19, வியாழன். மீண்டும் தம்பலகாமம்

கமக்காரர் அமைப்பின் கூட்டம். சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் அதிகாரிகள் முன் என்ன திகதி கேட்பது என்று தங்களுக்குள் முடிவெடுக்க மரத்தடியில் கூடியிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். நான் பின்வரிசை.

குளத்துப் பாய்ச்சலில் எவரும் தனியே காலத்தை மாற்ற முடியாது. எப்போது முதல் தண்ணீர், எப்போது கடைசித் தண்ணீர், மூன்று மாத நெல்லா மூன்றரை மாதமா, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது, எல்லாம் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகி எல்லாருக்கும் ஒன்றாகிவிடும். மேட்டு வயல்காரர்கள் மாசியிலேயே வெட்டிவிட்டார்கள், வருடப்பிறப்புக்கு முன் தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். கச்சானுக்கு முன் பூக்க வேண்டும், அவர்கள் நியாயம் அது. பள்ளத்து வயல்காரர்களின் நெல் இன்னும் வயலில் நிற்கிறது. இப்போது தண்ணீர் வந்தால் வெட்டு இயந்திரம் புதையும். நம் தம்பி இரண்டு பக்கமும் உள்ளவர். ஒருமுறை எழுந்து நின்றார், என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு பெரியவர் பங்குமுறையை நினைவூட்டினார். தண்ணீர் குறைந்த ஆண்டில் குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் எல்லாருமாகப் பங்கிட்டு விதைக்கும் பழைய வழக்கம். “அது தண்ணீர் இல்லாததற்கு ஐயா. தண்ணீர் இருந்தும் நாள் இல்லாததற்கு என்ன முறை?” என்றார் ஓர் இளைஞர். பெரியவர் யோசித்தார். இந்தக் குளத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய மன்னன் குளக்கோட்டன் காலத்துக்கு யாரோ போனார்கள், வேறு யாரோ இழுத்துக்கொண்டு வந்தார்கள். சத்தம், வெற்றிலை, கொஞ்சம் பழைய பகை. கடைசியில் சித்திரை ஐந்துக்குப் பிறகு, மூன்று மாத நெல் மட்டும் என்று முடிவானது. யாருக்கும் முழுத் திருப்தியில்லை. மேட்டுக்காரர்களுக்குப் பத்து நாள் நட்டம், பள்ளத்துக்காரர்களுக்குப் பத்து நாள் அவசரம்.

வாடிக்குத் திரும்பியதும் தம்பி பொலித்தீன் உறையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். கடன் தவணையை மாற்றக் கேட்கும் படிவம். எந்த வங்கியாக இருந்தால் என்ன, வரி அதே வரி.

“உங்களுக்குத்தான் கைவந்த கலை அண்ணை. நிரப்பித் தாருங்கள்.”

பேனாவை எடுத்தேன். பெயர், காணி அளவு, கடன் தொகை. காரணம் என்ற இடத்துக்கு வந்ததும், “என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன். அவர் நவம்பர் 27 இரவிலிருந்து தொடங்கினார். ஒன்பது நாள் தண்ணீர், விதைநெல் தேடி அலைந்த கதை, இரண்டாம் உழவு, சாக்கில் கிடக்கும் சப்பி நெல், இன்று மரத்தடியில் போன பத்து நாள். வரி ‘விதைநெல்’ வந்தபோதே முடிந்துவிட்டது. படிவத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அங்கே எழுதினால் பார்ப்பார்களா?” என்று கேட்டார்.

“இலக்கம் போட்டு, பின்பக்கம் பார்க்க என்று எழுதிவிடுகிறேன்.”

“அப்படியானால் கொஞ்சம் சின்ன எழுத்தாக எழுதுங்கள் அண்ணை. இன்னும் இருக்கிறது.”

மூன்று மணி பஸ் போய்விட்டது.